சூளையில் போன சிவப்பு

பழமலைநாதன் என்ற பேரைக் கொளஞ்சியம்மாள் முதன்முதலில் கேட்டது, நல்லூரில் அவளைப் பெண் பார்க்க வந்த அன்றுதான். மாப்பிள்ளையின் அத்தை வீரம்மாள் காராசேவை மென்றுகொண்டே, "மாப்ளைக்கு ஒரே தம்பி, பழமலைநாதன். மெட்ராஸுல என்னமோ பெரிய படிப்பு. எப்ப முடியும்னு அதுக்கே தெரியாது" என்றாள். அது தொண்ணூற்று மூன்று.

விருத்தாசலத்துக்கு வாழ வந்தவள், பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வர்ணம் தீட்டப் போனாள். தாயில்லாத கொழுந்தனுக்கு அண்ணியிடம் ஒட்டுதல் அதிகம்.

தொண்ணூற்றாறு பங்குனியில் அவன் ஆறு கண்ணாடிச் சில்லுகளோடு வந்து இறங்கினான். ஒரு பக்கம் செக்கச்செவேலென்று பூச்சு.

"என்ன தம்பி இது?"

"வெயில்ல கரண்டு எடுக்கறது அண்ணி. வெயில் பட்டா ஒரு சரக்கு எலக்ட்ரானை வுட்டுடும். அதை வாங்கிக்க இன்னொரு சரக்கு வேணும். வெளிநாட்டுல வச்சிருக்கறது தங்கத்தை விட வெலை. நான் காருக்கு அடிக்கிற செவப்புச் சாயத்துலேருந்து கம்மி செலவுல செஞ்சிருக்கேன்."

"கொடுக்கறவன் இருக்கறான், வாங்கிக்கறவன்தான் கெடைக்கலையா? நம்ம தெருவுல சொல்லிப் பாரு, வரிசையில நிப்பாங்க."

விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு விஷயத்தைச் சொன்னான். இந்த ஊர் வெயிலில் பத்து நாள் நிறம் மங்காமல் நிற்க வேண்டும். மாசக் கடைசியில் சில்லுகளை வாத்தியாரிடம் காட்டினால்தான் உதவித்தொகை இன்னொரு வருஷம் நீளும். இல்லையென்றால் படிப்பு அத்தோடு சரி. கையிலிருந்த சரக்கும் சீமைக் கண்ணாடியும் இந்த ஆறு சில்லோடு தீர்ந்துவிட்டன.

தினமும் மாடியில் வைத்து, மீட்டரில் அளந்து, நோட்டில் எழுதினான். நிறம் நின்றது. பத்தாம் நாள் காலை அளந்துவிட்டு, சிநேகிதன் கல்யாணத்துக்குத் திட்டக்குடி கிளம்பினான். "ரெண்டு நாள்ல வந்துடறேன். வெயில் சாஞ்சதும் எடுத்து உள்ள வச்சிடுங்க அண்ணி."

எடுத்தபோது அவள் விரலில் சிவப்பு ஒட்டியது. வர்ணம் தீட்டுகிறவளுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: பொருள் இன்னும் பச்சை, சுட்டால்தான் நிறம் நிற்கும். மெட்ராஸ் போய்ச் சேருவதற்குள் பஸ்ஸிலேயே உரசிப் போய்விடுமே, பிள்ளை இதை மறந்துவிட்டதே என்று பதறினாள். மறுநாள் துணியில் சுற்றி எடுத்துப்போய், தான் தீட்டிய பொம்மைகளோடு சூளையில் ஏற்றினாள்.

சூளை பிரித்தபோது சில்லுகள் நெளிந்து கிடந்தன. சிவப்பு இருந்த சுவடே இல்லை.

திட்டக்குடியிலிருந்து வந்தவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"சூளையில வச்சீங்களா அண்ணி?"

"கையில ஒட்டுச்சு தம்பி. நெறம் நிக்கட்டும்னு..."

"உங்க வர்ணம் மண்ணு, சூடு தாங்கும். இது எண்ணெய் மாதிரி, எரிஞ்சி புகையாப் பூடும்." சில்லைத் துணியில் வைத்துச் சுற்றிவிட்டு, "நாந்தான் சொல்லிட்டுப் போயிருக்கணும். சோறு போடுங்க" என்றான்.

நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். ஆவணியில் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தான்.

கூடப் படித்த ராஜா ஒருநாள் பார்க்க வந்தான். "வெறும் நோட்டை வச்சிக்கிட்டு என்ன செய்யறதுன்னுட்டாரு வாத்தியாரு. இவனே கீழ போட்டு ஒடைச்சிட்டானாம்க்கா. கையா அது, ஒலக்கையா?"

கொளஞ்சியம்மாள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "இல்ல தம்பி, அது..." என்று வாயெடுத்தாள். ராஜாவுக்குப் பின்னால் நின்ற பழமலைநாதன், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அண்ணனுக்கும் அவன் அதே பொய்யைத்தான் சொல்லியிருந்தான்.

அன்றிலிருந்து கம்பெனியில் அவள் பொம்மைக்கு மற்ற நிறமெல்லாம் தீட்டுவாள். சிவப்பை மட்டும் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவாள்.

பழமலைநாதன் இப்போது சேத்தியாத்தோப்பில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறான்.