ஜெனரல் ஷிஃப்ட் கிடைக்குமா?

முதலில் ஒரு விடுகதை. கிடைக்கும்வரை தெருத்தெருவாகத் தேடுவார்கள்; கிடைத்த மறுவாரமே அதற்கு லீவு போடலாமா என்று யோசிப்பார்கள். அது என்ன?

வேலை. சரியாகத்தான் சொல்லியிருப்பீர்கள்.

வேலை தேடுகிறவரையும் ஆள் தேடுகிறவரையும் சேர்த்துவைப்பதுதான் என் பிழைப்பு. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் ஒரு பயிற்சி மையம். சுற்றியுள்ள கம்பெனிகளுக்கு எப்படிப்பட்ட ஆட்கள் தேவை என்று கேட்டுக்கொள்வோம். ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த வேலையை மூன்று மாதம் சொல்லிக்கொடுப்போம். பிறகு கம்பெனிக்காரர்கள் வந்து தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.

"ஆளே கிடைக்கலை" என்பார் கம்பெனிக்காரர். "வேலையே கிடைக்கலை" என்பான் பையன். இரண்டு பேரும் ஒரே டீக்கடையில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வார்கள். நடுவில் உட்கார்ந்திருப்பவன் நான். அக்கா மகனுக்கு எங்கேயோ ஒரு வேலை சொல்லிவிட்டு, அப்புறம் இரண்டு பக்கமும் பேச்சு வாங்கியவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். உங்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. போன பேட்ச்சில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அனுபவம் உள்ள புதுமுகம்

எங்கள் மையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்று இருக்கிறது. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வடிவம் எடுக்கும் பிரஸ் மெஷின்கள் அங்கே வரிசையாக நிற்கும். அங்கே ஆள் எடுக்கும் அதிகாரி ஸ்டெல்லா மேடம். பேட்ச் தொடங்கும் முன்பு போனில் கூப்பிட்டார்.

"அனுபவம் இருக்கறவங்களா வேணும் சார்."

"அனுபவம் இருந்தால் அவர்கள் எங்கேயாவது வேலையில் இருப்பார்கள். என்னிடம் ஏன் வருகிறார்கள்?"

"சரி, புதுசாவே இருக்கட்டும். மெஷினைப் பார்த்துப் பயப்படக் கூடாது. அதுக்காகப் பயமே இல்லாமலும் இருக்கக் கூடாது. டூட்டில போன் எடுக்கக் கூடாது. ஆனா லீவு நாள்ல நான் கூப்பிட்டா உடனே எடுக்கணும்."

எல்லாவற்றுக்கும் சரி என்றேன். மூன்று மாதத்தில் நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறேன், கவலைப்படாதீர்கள் என்றும் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அதான் சார் பிரச்சினை. நல்லா வேலை தெரிஞ்சவங்க ஆறே மாசத்துல வேற கம்பெனிக்குப் போயிடறாங்க. நீங்க கொஞ்சம் சுமாரா சொல்லிக்கொடுங்க."

ஒரே ஒரு சந்தேகம்

முதல் நாள் எல்லாரிடமும் எதற்காக வந்தீர்கள் என்று கேட்பேன். "வேலைக்கு" என்பார்கள். மல்லிகா மட்டும் விவரமாகச் சொன்னார்.

ஆவடி சேக்காட்டில் வீடு. கணவர் பாபு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் யாழினி இரண்டாம் வகுப்பு. மல்லிகா முன்பு பூந்தமல்லி பக்கத்தில் ஒரு பேக்கிங் கம்பெனியில் சேர்ந்தார். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். எந்த வாரம் மகள் எப்போது சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்றே தெரியாமல் போய், சேர்ந்த வேகத்தில் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நிலையாக ஒன்றும் அமையவில்லை. பி.எஃப். பிடிக்கிற ஒரு வேலை வேண்டும். ஆனால் ஜெனரல் ஷிஃப்டாக இருக்க வேண்டும். அதாவது காலை எட்டரைக்குப் போய், மாலை ஐந்து மணிக்குக் கிளம்புவது.

"விளக்கு வைக்கற நேரத்துல நான் வீட்டுல இருக்கணும் சார். பாப்பாவுக்காகத்தான். அது கிடைக்கலைன்னா இந்த முறையும் விட்டுடுவேன். அதுக்கப்புறம் யாரு என்னைக் கூப்பிடப் போறாங்க?"

பிரஸ் பிரிவில் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஷிஃப்டும் செகண்ட் ஷிஃப்டும்தான், ஜெனரல் இடம் அபூர்வம், இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பின் கடைசியிலும் "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று நான் கேட்டவுடன் மல்லிகாவின் கை எழும். "ஜெனரல் ஷிஃப்ட் கிடைக்குமா சார்?" தீயணைக்கும் கருவியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்த அன்றும் இதே கேள்விதான்.

அயனம்பாக்கத்திலிருந்து வரும் தினேஷ் ஒருநாள் பொறுமை இழந்து எழுந்தான்.

"சார், அந்த அக்காவுக்கு இன்னா கேக்குதோ அத்த குடுத்துடு சார். எங்களுக்கு டவுட்டு கேக்க சான்ஸே கெடைக்க மாட்டேங்குது."

புது ஷூ எங்கே?

பிரஸ் மெஷின் பக்கத்தில் செருப்போடு நிற்கக் கூடாது. கனமான தகடு கைதவறி விழுந்தால் கால் விரல் போய்விடும். அதனால் முனையில் இரும்புத் தகடு வைத்த ஷூ எல்லாருக்கும் கொடுத்தோம். மறுநாள் வந்து பார்த்தால் பாதிப் பேர் செருப்பில் நிற்கிறார்கள். "புதுசு சார், வேலையில சேர்ற அன்னிக்குப் போட்டுக்கறோம்" என்றார்கள். தீபாவளிச் சட்டையை முன்னாடியே போட்டு அழுக்காக்கக் கூடாது என்கிற அதே கணக்கு. விரல் தீபாவளிவரை காத்திருக்காது என்று எடுத்துச் சொன்ன பிறகு ஒவ்வொரு ஜோடியாக வந்துசேர்ந்தது. தினேஷின் ஷூ மட்டும் வரவில்லை.

"எங்கேப்பா?"

"சாமி கிட்ட கீது சார். வேலை கெடச்சப்புறம்தான் எட்த்துக் குடுப்பேன்னு எங்கம்மா வெச்சிக்கினு கீது."

"ஏம்பா, ஷூவைக் கொண்டுபோய் சாமி பக்கத்திலா வைப்பார்கள்?"

தினேஷ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"டப்பாவோடதான் சார் கீது. சாமிக்கு உள்ள இன்னா கீதுன்னு தெரியாது."

எல்லாருக்கும் ஒரே பலவீனம்

நேர்காணலுக்கும் நான்தான் பயிற்சி கொடுப்பேன். "உங்கள் பலவீனம் என்ன?" என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். வீட்டில் திட்டு வாங்குகிற காரணங்களை எல்லாம் அங்கே கொட்டிவிடக் கூடாது. உதாரணத்துக்கு, "எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன், அதுதான் என் பலவீனம்" என்று சொல்லலாம் என்றேன். உதாரணத்துக்கு என்று சொன்னது மட்டும் யார் காதிலும் விழவில்லை.

ஸ்டெல்லா மேடம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் போனவர், எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்றார். மேடம் தலையாட்டினார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் ஒப்பிக்கும்போது மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மல்லிகாவின் முறை வந்தது. "எடுத்த வேலையை முடிக்காம எழுந்திருக்க மாட்டேன் மேடம்" என்று தொடங்கியவர், ஒரு கணம் யோசித்து, "ஆனா அஞ்சு மணிக்கு எழுந்துடுவேன்" என்று முடித்தார்.

கடைசியாகத் தினேஷ். அவனுக்குப் பாடம் மறந்துபோயிருந்தது.

"எனுக்குக் காலைல எய்ந்துக்க முடியாது மேடம். எங்க ஊட்டுக்குப் பின்னாடி ஏரி கீது. அந்தக் காத்து கண்ண தொறக்க உடாது."

ஸ்டெல்லா மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"அப்பாடா, இந்தத் தொத்து வியாதி வராத ஆள் ஒருத்தராவது இருக்காரே!"

மெஷினுக்கு ஒரு கும்பிடு

அடுத்தது கம்பெனியிலேயே மெஷினை ஓட்டிக் காட்டும் சோதனை. இதில் தேறினால்தான் வேலை.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். புதிய பிரஸ் மெஷின்களில் முன்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளித்திரை இருக்கும். விரல் நுனி அதைத் தாண்டினாலும் மெஷின் அப்படியே நின்று, சிவப்பு விளக்கு எரிந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி சத்தம் போடும். கையைக் காப்பாற்றத்தான். எங்கள் மையத்தில் இருப்பது ஒரு கம்பெனி இனாமாகக் கொடுத்த பழைய மெஷின். அதில் ஒளித்திரை கிடையாது, இரும்புக் கம்பித் தடுப்புதான். ஒளித்திரையைப் பற்றிப் பலகையில் படம் போட்டுத்தான் சொல்லிக்கொடுத்தேன். தினமும் காலையில் ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால் தடுப்பைத் திறந்து, மெஷினின் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எல்லாருக்கும் வழக்கம். லாரி ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைத் தொடுவதில்லையா, அது மாதிரி. நானும் அப்படித்தான் செய்வேன்.

கம்பெனியின் பிரஸ் பிரிவு சூப்பர்வைசர் குருசாமி சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் கைகட்டி நிற்க, முதல் ஆளாக மல்லிகா போனார். மெஷினுக்கு முன்னால் நின்றார். பக்தியோடு குனிந்தார். மேடையைத் தொட்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. சத்தம் கூரையைத் தொட்டது. பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மெஷினுக்குள் கை விட்டவருக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடையாது என்பது எழுதாத சட்டம். மல்லிகா எந்தப் பொத்தானையும் தொடவில்லை. ஓரடி பின்னால் நகர்ந்து, இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் உயர்த்திக்கொண்டு அசையாமல் நின்றார். ஆபத்து என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தோம்.

குருசாமி சத்தத்தை நிறுத்தினார். "கையை ஏம்மா உள்ள விட்ட?"

"ஓடறதுக்கு முன்னாடிதான் சார். கும்பிட்டுக்கலாம்னு."

குருசாமி என்னைப் பார்த்தார். பின்னாலிருந்த வரிசையைப் பார்த்தார். அங்கே தினேஷ் ஏற்கெனவே தூரத்திலிருந்தே மெஷினுக்கு ஒரு பெரிய கும்பிடாகப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கும்பிட வேணாம்னு நான் சொல்லல" என்றார் குருசாமி. மெஷினுக்குப் பக்கவாட்டில் இருந்த மின்சாரப் பெட்டியைக் காட்டினார். அதன் கதவில் சந்தனமும் குங்குமமும் மூன்று பட்டை விபூதியும் காய்ந்துபோய் ஒட்டியிருந்தன. மேலே அன்று காலை வைத்த ஒரு முழம் பூ.

மல்லிகா பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தகட்டை வைத்து, இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளால் ஒருசேர அழுத்தினார். பிசிறில்லாமல் வந்தது. அடுத்ததும் வந்தது. குருசாமி என் பக்கம் சாய்ந்தார்.

"சத்தம் கேட்டதும் கண்ட பட்டனையும் அழுத்தாம கையைத் தூக்கிட்டு நின்னுது பாருங்க, அது போதும் எனக்கு. சாமி எங்க இருக்குன்னு மட்டும் அடுத்த பேட்ச்சுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புங்க."

சனிக்கிழமைக்குள் பதில்

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லா மேடம் போன் செய்தார். மல்லிகாவை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு இடம் காலி. ஒன்று ஜெனரல் ஷிஃப்டில், தயாரான பொருளைப் பரிசோதிக்கும் வேலை. மற்றது பிரஸ்ஸில், நிரந்தரமாகச் செகண்ட் ஷிஃப்ட்; மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்துவரை, கம்பெனி வேன் வாசலில் கொண்டுவந்து விடும். சம்பளம் ஒன்றுதான். "நீங்க கேட்டுக் கேட்டு என் காது போச்சு சார். அதுக்காகவே அந்த ஜெனரல் இடத்தை வெச்சிருக்கேன். சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்க" என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை காலை குடும்பமே வந்து நின்றது. காக்கிச் சட்டையில் பாபு, நடுவில் யாழினி, பக்கத்தில் மல்லிகா.

"ஜெனரல்தான் சார், இன்னும் இன்னா பேச்சு?" என்றார் பாபு. "மூணு மாசமா அத்தயேதான் தூக்கத்துலயும் சொல்லினு இருந்துச்சு."

"பாப்பாவுக்காகத்தானே கேட்டேன். அவளையே கேட்டுடலாம்" என்றார் மல்லிகா.

பலகையில் இரண்டு கடிகாரம் வரைந்து யாழினிக்கு விளக்கினேன். ஒன்றில், நீ பல் விளக்கும்போதே அம்மா ரயிலுக்குக் கிளம்பியிருப்பார். பயிற்சிக்கு இத்தனை நாள் போனாரே, அதே மாதிரி. விளக்கு வைக்கும்போது வந்துவிடுவார். மற்றதில், நீ ஸ்கூலுக்குப் போகும்வரை அம்மா வீட்டிலேயே இருப்பார். சாயங்காலம் அப்பா பார்த்துக்கொள்வார். அம்மா வரும்போது நீ தூங்கியிருப்பாய். யாழினி இரண்டு கடிகாரத்தையும் நிதானமாகப் பார்த்தாள்.

"எதுல அம்மா எனக்கு ஜடை பின்னுவாங்க?"

இரண்டாவதில் என்று சொன்னேன்.

பாபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன், மூணு மாசமா நான் பின்னி வுடலியா? நான் பின்றது ஜடை இல்லியா?"

"அது கயிறு, நைனா. மிஸ் தினமும் அவுத்துட்டு மறுபடி பின்றாங்க."

மல்லிகா மகளின் தலையைத் தடவிப் பார்த்தார்.

மூன்று மாதமாக நான் கெஞ்சி வாங்கிய ஜெனரல் ஷிஃப்ட் இடது பக்கக் கடிகாரத்தில் இருக்க, யாழினி செகண்ட் ஷிஃப்டைத் தேர்ந்தெடுத்தாள்.