ஓடத் தேவையில்லாத அடி

1. பெஞ்ச்

மாகாண பேஸ்போல் இறுதிப் போட்டியன்று காலை நான் எழுதிய பேட்டிங் வரிசையை அணிக்கு வாசித்தேன். வழக்கமான நான்காம் இடத்தில் நௌசாத்தின் பெயர் இல்லை. ஏறாவூர்க்காரன், நான் பயிற்சி கொடுத்த மாவட்ட அணியில் அவனைப்போல் அடிக்க வேறு ஆள் கிடையாது. தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அவனைப் பார்க்கவென்றே வந்திருந்தார்கள்.

"என்ன சேர், எண்ட பேர விட்டுட்டீங்க?"

"நோன்பு தொடங்கிட்டு தம்பி. இந்த வெயிலுக்க தண்ணியும் குடிக்காம எப்படி ஓடுவாய்? இண்டைக்கு இரு."

அவன் கையுறைகளைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் இருந்தான். ஒரு ரன்னால் தோற்றோம். வந்தவர்கள் வேறு அணிகளில் ஆள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் செய்தது இரக்கம் என்று பலரிடம் சொன்னேன். அது பொய். அவன் களைத்து விழுந்து நாங்கள் தோற்றால், "ஏன் இறக்கினீர்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். அந்தப் பயம்தான். விளையாட்டில் டிப்ளோமா எடுத்தவன் நான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

2. டி.எச்.

அடுத்த வருடம் போட்டித் தொடர் முழுவதுமே நோன்பு மாதத்தில் வந்தது. பயிற்சி முடிந்ததும் நௌசாத் என் மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"சேர், இந்த முறை கேட்டுட்டு வெட்டுங்க."

"சரி, கேக்கிறன். ஏலுமா?"

"அடிக்க ஏலும். பீல்டிங்தான் கஷ்டம். என்னை டி.எச்.ஆப் போடுங்க."

டி.எச். என்றால் பந்து வீசும் பிட்சருக்குப் பதிலாக அடிக்க மட்டும் வருபவர். பீல்டிங்குக்கு இறங்கத் தேவையில்லை. அந்த விதியை வகுப்பில் படிப்பித்ததே நான்தான்.

"அடிச்சாலும் பேஸுக்கு ஓடத்தானே வேணும்?" என்றேன்.

"வேலிக்கு வெளிய ஹோம் ரன் அடிச்சா நடந்தே வரலாம் சேர்."

பந்து பிடிக்கும் கெச்சர் சசி பின்னாலிருந்து கத்தினான்: "அப்ப பந்து வாங்கக் காசு சேருங்கடா! இவன் எல்லாத்தையும் பக்கத்து வாவிக்குள்ளதான் அடிப்பான்!"

அப்படித்தான் நடந்தது. இறுதிப் போட்டிக்கு வந்தபோது, ஒரே தொடரில் அதிக ஹோம் ரன் அடித்தவரின் பழைய மாகாணச் சாதனையைத் தொட்டிருந்தான். அன்று அவன் அடிக்க வந்த முதல் மூன்று முறையும் அவுட். உதடு காய்ந்திருந்தது. மாற்று வீரனை எழும்பச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். அடக்கிக்கொண்டு, "என்ன செய்வம்?" என்று கேட்டேன்.

"இன்னொருக்கா விடுங்க சேர்."

இரண்டாவது பந்து வேலியைத் தாண்டி வாவிக்குள் விழுந்தது. அவன் பேட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கடைக்குப் போகிறவன்போல நடந்தான்.

"சுறுக்கா வாரும் தம்பி!" என்றார் அம்பயர்.

"நோன்பு சேர்!" என்று முழு அணியும் பெஞ்சிலிருந்து கத்தியது.

பிறகு தேசிய அணியில் பல வருடம் ஆடினான். அந்த மாகாணச் சாதனை இன்றும் அவனுடையதுதான். பயிற்சியாளராக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவரின் பெயரை வெட்டுமுன் அவரிடம் கேளுங்கள். கேட்டால் உங்களுக்குத் தெரிந்த விதியையே அவர் உங்களுக்கு நினைவுபடுத்தக்கூடும்.

முதல் வருடத்துக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"அந்த வருசத்தையும் சேத்துத்தானே சேர் அடிச்சன்."