ரேஞ்சுப் பாறையில் ஐந்து மணி நேரம்

யோகப்பிரியா 1986ஆம் ஆண்டு முதலமடையில் ஒரு மாந்தோப்புக் குடும்பத்தில் பிறந்தார். 2011 ஆவணியில் மீனாட்சிபுரத்துச் சிவப்பிரகாஷுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் நான்கு கறவை மாடுகள் இருந்தன. இப்போது ஒன்பது இருக்கின்றன. மாடு விடியற்காலை நான்கு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஆளை எதிர்பார்க்கும். ஆகவே திருமணமான நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டு நான்கு மாதம் கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்திற்கு ஒருவர் போனால் மற்றவர் கட்டுத்தறியில் நிற்பார். அந்த ஆண்டுகளின் கல்யாணப் படத்தொகுப்புகளில் இருவரும் அருகருகே நிற்கும் படம் ஒன்றும் இல்லை.

கட்டுத்தறியின் தெற்கு வாசலில் நின்றால், மழை ஓய்ந்த காலைகளில் மலைத்தொடர் நீலக்கோடாகத் தெரியும். பாலைக் கறந்து முடித்துக் கை கழுவும்போது யோகப்பிரியா அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைச் சிவப்பிரகாஷ் பலமுறை கண்டிருக்கிறார். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. 2023 கார்த்திகையில் ஒருநாள் அவராகவே சொன்னார்: "டிசம்பர் கடைசீல மூணு நாளு மலைக்குப் போயிட்டு வரலாம்புள்ள. மாட்டக் கௌசிக் பாத்துக்குவான்."

கௌசிக் அவருடைய தம்பி. பக்கத்து வீட்டிலேயே குடியிருப்பவர். மாங்காய் லோடு ஏற்றும் பருவம் தொடங்கும் வரை அவருக்கு ஓய்வுதான். பால் கறக்கத் தெரிந்தவர். அவருடைய மனைவி செல்வப்பிரியா அதுவரை மாட்டைத் தொட்டுப் பழகாதவர்.

பயணத்திற்கான திட்டம் மிகச் சுருக்கமானது. மூணாறுக்குப் பேருந்து, பள்ளிவாசலுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வீடு ஒன்றில் ஓர் அறை, மறுநாள் காலை அங்கிருந்து நடப்பது. எந்தப் பக்கம் நடப்பது, எங்கே சேர்வது என்பவை தீர்மானிக்கப்படவில்லை. ஆனால் நாளைத் தேர்ந்தெடுத்ததில் யோகப்பிரியா கவனமாக இருந்தார். செவலை என்ற கிடாரி முதல் கன்று ஈனவிருந்தது. தாய் செத்துப்போனதால் பிறந்த எட்டாம் நாளிலிருந்து அவர் புட்டியில் பாலூட்டி வளர்த்த கன்று அது. அவர் நாட்காட்டியில் ஜனவரி இருபதாம் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். டிசம்பர் 29, 30, 31 ஆகிய மூன்று நாட்களும் அந்த வட்டத்திற்கு மூன்று வாரம் முந்தியவை. செவலை ஈனும்போது தான் அருகில் இருக்க வேண்டும் என்பது ஒன்றே அவர் விதித்த நிபந்தனை.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். உடுமலையைத் தாண்டிச் சின்னாற்றுக் காட்டுக்குள் பேருந்து நுழைந்ததும் யோகப்பிரியா கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். வறண்ட முட்காடு மெல்ல மெல்லப் பச்சையாயிற்று, பச்சை நீலமாயிற்று, பிறகு எல்லாம் வெள்ளையாயிற்று. சற்றுக் கண்ணயர்ந்து, மறையூர் தாண்டி ஒரு வளைவில் விழித்தவர் கேட்டார்: "ஏனுங்க, நம்ம மலை வந்துருச்சுங்ளா?"

"நம்ம மலையத் தாண்டி நாலு மலை வந்துட்டோம். நாம பாக்கறது அதோட மூஞ்சி. இது அதுக்கும் பொறத்தால."

முகத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்தவர்களுக்கு முதுகு தெரிந்திருக்கவில்லை. அது யோகப்பிரியாவுக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் தங்கிய வீடு இன்பமேரியுடையது. இன்பமேரி முப்பத்தொரு ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். கிறிஸ்துமஸ் முடிந்து நான்கு நாளாகியும் வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. மாலை மூடுபனியில் நட்சத்திரங்கள் மட்டும் தெரிந்தன, வீடுகள் தெரியவில்லை. வரும் வழியில் பள்ளிவாசல் கடைத்தெருவிலிருந்து கௌசிக்கை அழைத்துப் பேசியிருந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அதற்கு மேலே ஏறியதும் தொலைபேசியில் ஒரு கோடுகூட இல்லை.

"இங்கன ரேஞ்சு கிட்டாதும்மா," என்றார் இன்பமேரி. "மேல ஒரு பாறை இருக்கு. அங்கன போனாத்தான் பேச முடியும். எம்மக லிஜி பெங்களூர்ல இருக்கா. சனிக்கிழமை சனிக்கிழமை அந்தப் பாறைக்குத்தான் போவேன். நாளைக்குக் கூட வாரேன், வழியும் காட்டுதேன்."

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு மூவரும் புறப்பட்டார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பனி, நடப்பவர் முழங்கால் வரை கிடந்தது. இன்பமேரி அதில் நீந்துவதுபோல முன்னே போனார். யோகப்பிரியா ஒவ்வொரு செடியின் மேலும் கை வைத்துக்கொண்டே நடந்தார். விரல்களில் ஈரம் சொட்டியது. ஏழு நாற்பதுக்குப் பாறை வந்தது. வட்டமான, யானை முதுகு போன்ற கரும்பாறை. அதன் மேல் ஏறியதும் சிவப்பிரகாஷின் சட்டைப்பையில் தொலைபேசி ஆறு முறை விடாமல் அதிர்ந்தது. ஆறும் கௌசிக்கின் தவறிய அழைப்புகள். முதலாவது ஐந்து மணி ஐந்து நிமிடத்திற்கு வந்தது. சிவப்பிரகாஷ் திருப்பி அழைத்தார்.

"அண்ணா, செவலைக்கு நோவு கண்டிருச்சு! பனிக்குடம் ஒடைஞ்சு ஒன்றர மணி நேரமாச்சு. தல தெரியுது, ஒத்தக் காலு தெரியுது. டாக்டரு கொழிஞ்சாம்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுக்குப் போயிருக்காராம். வர ரெண்டு மணி நேரம் ஆகுமுங்கறாரு."

சிவப்பிரகாஷ் மனைவியைப் பார்த்தார். "இறங்கீரலாமா?"

யோகப்பிரியா விரல்விட்டு எண்ணினார். பாதைக்கு ஒன்றரை மணி, மூணாறு, உடுமலை, பொள்ளாச்சி. எப்படிப் போனாலும் பிற்பகல் நான்குக்கு முன் வீடு சேர முடியாது. அதைவிட, பாறையை விட்டு இறங்கிய நொடியில் தொலைபேசி ஊமையாகிவிடும். செவலைக்கு உதவுவதென்றால் செவலையிடம் போகாமல் இங்கேயே நிற்க வேண்டும்.

அவர் தொலைபேசியை வாங்கினார். "தம்பி, தெரியற காலோட குளம்புக்கு அடிப்பக்கம் தரையப் பாக்குதா, வானத்தப் பாக்குதா?"

"தரையத்தானுங்க அண்ணி."

"முன்னங்காலுதான். இன்னொன்னு உள்ள மடங்கிக் கிடக்குது. நீ இழுத்துப்புடாத. உன்ற கை பெருசு. செல்வியக் கூப்புடு."

செல்வப்பிரியாவின் குரல் அழுகையோடு வந்தது. "அக்கா, எனக்கு இதெல்லாம் ஆவாதுங்க்கா. நான் மாட்டுக்குத் தண்ணிகூட வெச்சதில்லீங்க."

"அது மாட்டுக்குத் தெரியாது. நீ மொதல்ல சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவு. வளையலக் கழட்டு. கை பூராத் தேங்காயெண்ண."

பிறகு நடந்ததை இன்பமேரி இன்றும் அயலாருக்குச் சொல்கிறார். யோகப்பிரியா தொலைபேசியைக் கணவர் கையில் கொடுத்து வாயருகே பிடிக்கச் சொன்னார். கண்களை மூடினார். வலக்கையைப் பனிக்குள் நீட்டினார். "நோவு வரும்போது சும்மா இரு. நோவு விட்டதும் கன்னோட நெஞ்ச மெதுவா உள்ள தள்ளு. தள்ளிட்டியா? கழுத்தோட வழியே போ. தோள்பட்டை தட்டுதா? அங்கிருந்து கீழ. முட்டி. முட்டிக்குக் கீழ போ." வெறும் காற்றில் அந்தக் கை எதையோ தடவிக்கொண்டே இறங்கியது. "குளம்ப உள்ளங்கைக்குள்ள மூடிக்க. குளம்பு வயித்தக் கிழிச்சுப்புடும், பத்திரம். மூடிட்டியா? இப்ப மடக்கி, முன்னால கொண்டா." விரல்கள் குவிந்து, மெல்ல முன்னோக்கி வந்தன. பனி அந்தக் கையைச் சுற்றி வழிந்து சென்றது. எண்பது மைலுக்கு அப்பால் இன்னொரு பெண்ணின் கையும் அதே நேரத்தில் அப்படியே நகர்ந்ததா என்று சிவப்பிரகாஷால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்த கையில் ஒரு குளம்பு இருந்தது என்பதில் அவருக்கு ஐயமில்லை.

இரண்டு முறை குரல் அறுந்தது. இரண்டு முறையும் யோகப்பிரியா கையை அசைக்காமல் அதே இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

"வந்துருச்சுங்க்கா! ரெண்டு காலும் வந்துருச்சு!"

எட்டு ஐம்பதுக்குக் கன்று தரையில் விழுந்தது. கௌசிக் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்க்க, அது தும்மியதை அவர்கள் கேட்டார்கள்.

"காளைக்கன்னுங்க அண்ணி," என்றார் கௌசிக், சற்றுத் தயங்கி.

"என்னவா இருந்தா என்ன. தாயி எந்திரிச்சுதா?"

"எந்திரிச்சு நக்கிட்டு நிக்குதுங்க."

யோகப்பிரியா பாறையில் உட்கார்ந்துவிட்டார். இன்பமேரி சிலுவைக்குறி இட்டுக்கொண்டு, மகளை அழைக்கக் கொண்டுவந்த தொலைபேசியை முந்தானையில் துடைத்தார். "மலையப் பாக்க வந்தீகளா, மாட்டுக்குப் பேறு பாக்க வந்தீகளா?" என்றார். "பத்து வருசமா இந்தப் பாறைக்கு வாரேன். இதுல கன்னு பெறந்தது இன்னைக்குத்தான்."

ஆனால் நஞ்சுக்கொடி விழ வேண்டும். அது தங்கிவிட்டால் மாட்டுக்கு ஆபத்து. இடையில் மருத்துவரும் வந்து பார்த்துவிட்டு, காத்திருக்கச் சொல்லிப் போனார். ஆகவே காத்திருந்தார்கள். வெயில் வரவில்லை, பனி மட்டும் ஒவ்வொரு மலையாகத் திறந்து காட்டி, மூடி, வேறொன்றைத் திறந்தது. இன்பமேரி கட்டிவந்த அவித்த கப்பைக்கிழங்கையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலையும் தின்றார்கள். யோகப்பிரியா நாட்களை மறுபடியும் விரலில் எண்ணினார்.

"என்ற தப்புங்க. மார்ச்சு இருவத்தஞ்சுல மொதல் சினை ஊசி. இருவத்தோரா நாள் பருவத்துக்கு மறுக்காக் கத்துச்சு, சினை நிக்கலைன்னு நெனச்சு ரெண்டாவது ஊசி போடச் சொன்னேன். மொதல் ஊசியே நின்னுருக்குது. நின்னதுக்கப்பறமும் சிலது அப்படிக் கத்தும். மொதல் ஊசிக்கு இன்னைக்கு எரநூத்தியெம்பதாவது நாளுங்க. மடி எறங்குனதக்கூட மூணு நாளு முன்னாலயே பாத்தேன். தலையீத்து, முன்னாடியே எறங்கும்னு உட்டுட்டேன்."

"கணக்குல புலின்னு சொல்லித்தான உங்கப்பாரு கட்டிக்குடுத்தாரு," என்றார் சிவப்பிரகாஷ்.

"நீங்க மட்டும் என்னங்களாம். பள்ளிவாசல்ல பேசறப்ப மடியப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்ளா?"

"நான் உன்னப் பாத்துட்டு இருந்தேன்."

அவர் திரும்பிக் கணவரைப் பார்த்தார். சிவப்பிரகாஷ் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் பகல் வெளிச்சத்தில் ஒரே இடத்தில் எந்த வேலையும் செய்யாமல் இவ்வளவு நேரம் அவர்கள் சேர்ந்து இருந்ததில்லை. தொலைவில் யாரோ விறகு வெட்டும் ஓசை, வெட்டு விழுந்து சற்றுப் பொறுத்தே வந்து சேர்ந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு நஞ்சு விழுந்துவிட்டதாகக் கௌசிக் சொன்னார். யோகப்பிரியா கன்றுக்குச் சீம்பால் எத்தனை முறை, செவலையின் மடியில் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் இருமுறை சொல்லி, இருமுறை திருப்பிச் சொல்ல வைத்தார்.

இன்பமேரி எழுந்தார். பாறைக்கு அப்பால் பாதை இரண்டாகப் பிரிந்தது. "இடது பக்கம் எறங்குனா என் வீடு. வலது பக்கம் மூணு மணி நேரம் நடந்தா எங்க அக்கா இருக்கிற லயன் வீடு. சுருளியம்மாள்னு கேளுங்க, எடம் குடுப்பா. ஆனா அந்தத் திருப்பம் தாண்டுனா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ரேஞ்சே கிடையாது. யோசிச்சுக்கிடுங்க."

சிவப்பிரகாஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு பாதைக்கும் பொதுவாக நின்றார்.

யோகப்பிரியா கடைசியாக ஒருமுறை அழைத்தார். செல்வப்பிரியாதான் எடுத்தார்.

"செல்வி, நாங்க கிளம்பி வந்தரட்டுமா?"

"எதுக்குங்க்கா? செவலை கன்ன நக்குனது போக என்ற கையத்தான் நக்கிட்டு நிக்குது. உட மாட்டேங்குதுங்க்கா."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. யோகப்பிரியா உடனே சிரிக்கவில்லை. மூன்றாண்டுகள் தன் கையை மட்டும் நக்கிய மாடு அது. பிறகு, "உப்புக்கு நக்கும். நக்கட்டும் உடு," என்றார். தொலைபேசியை அணைத்துக் கணவரிடம் கொடுக்காமல் தன் பையின் அடியில், மாற்றுச் சேலைக்குக் கீழே வைத்தார்.

"போலாங்ளா?" என்று கேட்டபோது வலது பாதையில் நான்கு அடி போயிருந்தார்.

அந்தத் திருப்பத்திற்குப் பிறகு நடந்தவற்றுக்கு நேரக்குறிப்பு எதுவும் இல்லை, படமும் எடுக்கப்படவில்லை. சிவப்பிரகாஷைக் கேட்டால், பனியைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை என்கிறார். யோகப்பிரியா ஒருமுறை வெள்ளைப் பூக்கள் நிறைந்த சரிவைப் பற்றிச் சொன்னார்; இன்னொருமுறை, மேகத்திற்குள் நின்று நீர் குடித்த காட்டெருமை ஒன்றைப் பற்றி. அதன் மடி கனத்திருந்ததாம். தான் நின்று பார்த்துவிட்டு, நடந்து போய்விட்டதாகச் சொன்னார்.