தேனீக்களை அவசரப்படுத்தியவன்

போர்க் காலத்தில் திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில், நான் ஒரு கணினி வகுப்பு நடத்தினேன். ஓய்வு பெற்ற கணித ஆசிரியன். மூன்று பழைய கணினிகள் இருந்தன. மின்சாரம் இருந்தால் அவற்றில் பாடம், இல்லாவிட்டால் கரும்பலகையில். சோதனைச் சாவடியில் துப்பாக்கிகளுக்கு முன்னால் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டு வரும் பையன்கள், உள்ளே வந்ததும் ஆட்களைச் சுடும் விளையாட்டைத்தான் கேட்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

படித்தவர்களில் ஒருத்தி மூதூருக்குத் தெற்கே காட்டோரக் கிராமத்திலிருந்து வந்து, நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தாள். வேடர் பரம்பரை. தேன் எடுக்கப் போகிறவனைப் பற்றித் தன் தகப்பன் சொன்ன கதையை அவள் கணினி விளையாட்டாக எழுதினாள். தகப்பன் இறந்தபோது அவள் சிறுபிள்ளை. மிச்சக் கதைகளெல்லாம் அண்ணனிடம்தான் இருந்தன. அவன் மீன் பிடிக்கிறவன், காலத்துக்குத் தேனும் எடுக்கிறவன், எதையும் பகிடியும் சிரிப்புமாகவே எடுத்துக்கொள்கிறவன். முதல் கதை அந்தக் கணினிப் பெட்டிக்குள் சரியாக வந்தால் மற்றவற்றையும் சொல்வதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அந்தக் கதைகளுக்காகத்தான் அவள் இரண்டு மாதமாக மினக்கெட்டாள்.

அவள் இல்லாத ஒரு மாலை, அதை நான் விளையாடிப் பார்த்தேன். மரத்தடிக்குப் போய்ப் புகை போட்டேன். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு விசையை அழுத்தினேன், தேனீ வந்து கொட்டியது. இன்னொன்றை அழுத்தினேன், மறுபடியும் கொட்டியது. பிள்ளை எங்கேயோ பிழை விட்டிருக்கிறாள் என்று முடிவு செய்து, அந்தப் பகுதியை அழித்துவிட்டு நானே எழுதினேன். பத்து விநாடிக்குள் தேனீக்களைக் கல்லெறிந்து துரத்த வேண்டும். தேனீ ஒன்றுக்கு ஐந்து புள்ளி. வென்றால் வாணவேடிக்கை. அவள் எழுதியதன் மேலேயே அதைச் சேமித்தேன். அவளைச் சந்தோஷப்படுத்துவதாக நினைப்பு.

அடுத்த நாள், அவள் அழைத்திருந்தபடி, அண்ணன் மூதூர்ப் படகில் வந்தான். கதிரையில் நிமிர்ந்து இருந்து, அவள் காட்டிய விசைகளைத் தொட்டு, மரத்தடியில் புகை போட்டான். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். தேனீக்கள் தாமாகக் கலையும்வரை அசையாமல் இருப்பதுதான் கதை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் தேனீக்களுக்கு அது விளங்கவில்லை, திரண்டு வந்து கொட்டின. மறுபடியும் தொடங்கி, மறுபடியும் சும்மா இருந்து, மறுபடியும் செத்தான்.

"தங்கச்சி, இது எங்கட காடு இல்லை. ஆரோ பஸ்ஸுக்கு ஓடுற ஆளின்ட காடு" என்றான்.

பையன்கள் சிரித்தார்கள். அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான், "புதுசா எழுதுற பிள்ளைதானே, பிழை வரும்" என்றேன்.

அவள் கணினியை அணைத்தாள். அண்ணனோடு பின்னேரப் படகில் ஊருக்குப் போனவள் வகுப்புக்குத் திரும்பவில்லை.

ஒரு கிழமை தள்ளி நானும் படகேறினேன். மூதூர்க் கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த அண்ணனிடம், விளையாட்டை மாற்றியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் சேர். அவள் ஒரு கோப்பை சோறு தின்னவே அரைநாள் எடுக்கிறவள். பத்து செக்கன் கணக்கெல்லாம் அவளுக்கு ஏலாது."

பிறகு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். என் வகுப்பில் வைத்து என்னை வெட்கப்படுத்துவது சரியில்லையே என்றான். மற்றக் கதைகளைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம், அவளுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறன். கொம்பியூட்டரில மட்டும் போட வேண்டாமெண்டிட்டன். அங்க நீங்கள் இருக்கிறீங்களே, சேர்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கோபித்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

பிறகு சண்டை மூதூருக்கு வந்தது, படகு நின்றது. அவர்கள் எங்கே இடம்பெயர்ந்தார்கள் என்று தெரியவில்லை. வகுப்பில் மிஞ்சியது நான் கெடுத்த அந்த ஒரு விளையாட்டுதான். பையன்கள் நான் முந்தி நீ முந்தி என்று அடிபட்டு அதை விளையாடினார்கள். "வாணவேடிக்கை நல்லா இருக்கிறது, சேர்" என்று பாராட்டினார்கள். அந்த விளையாட்டை நான் நிறுத்தவில்லை.