கடலுக்குள் ஒரு பார்

கடல் அலைக்குக் கணக்குப் போடும் மென்பொருளை எழுத, கடலைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் முதுகு ஒடிகிற உங்களுக்கு இது புரியும்.

பாலாற்றுப் பாலம்

காட்பாடி ஸ்டேஷனிலிருந்து வேலூர் ஆபீசுக்குப் போகும்போது ஆட்டோக்காரர் என் வேலையைக் கேட்டார். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அலை எவ்வளவு வரும் என்று சொல்வோம், ஒரு கட்டமே பல கிலோமீட்டர், அதற்குள் இருக்கும் சின்னப் பாறைகள் கணக்கில் காணாமல் போய்விடும், அவை தடுக்கும் அலையைச் சேர்ப்பது என் பங்கு என்றேன். பாலத்துக்குக் கீழே வெறும் மணல்.

“இன்னாம்மா, இங்க தண்ணியே இல்ல, நீ அலைக்குக் கணக்கு போட்றியா?”

எதிரில் பார்

எங்கள் அலை எச்சரிக்கையைப் பார்த்துக் கடலுக்குப் போகும் மீனவர் சேவியர் போன் செய்தார். மூன்று நாளாக ‘அலை ஜாஸ்தி’ என்று வருகிறதாம், அங்கே கடல் அமைதியாம், படகெல்லாம் கரையிலாம். “எங்க ஊருக்கு எதிர்ல பார் இருக்கு மேடம், அத நீங்க சேர்க்கல” என்றார். பாரெல்லாம் எங்கள் கணக்கில் வராது என்று கறாராகச் சொன்னேன்.

“ஐயோ மேடம், குடிக்கிற பார் இல்ல, தண்ணிக்குள்ள கெடக்குற கல்லுப் பாரு!”

தோலில் ஓட்டை

வெட்கத்தோடு அந்தப் பாரைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தவர் என்னோடு வேலை செய்யும் இம்தியாஸ். ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கும் குடும்பம். பார் அலையை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு எல்லாத் திசைக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “தோல்ல ஓட்டைன்னா எந்தப் பக்கம் பார்த்தாலும் ஓட்டைதானே மேடம்” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. வெளியிடுமுன் எதற்கும் சேவியரைக் கேட்டேன்.

“தெக்கேருந்து வர்ற அலையத்தான் அது தடுக்கும். வாடைக் காத்துல ஒதவாது. அன்னிக்குப் போலாம்னு நீங்க சொன்னா, நாங்க திரும்பி வர மாட்டோம்.”

வாடை வந்தது

திசைக்கு ஓர் எண்ணாக இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். சில மாதம் கழித்து வாடை அடித்தது. ‘போகாதீர்கள்’ என்று எச்சரிக்கை போனது. அன்று முழுக்க போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது போயிருந்தால்? சாயங்காலம் சேவியரே கூப்பிட்டார்.

“எல்லாரும் கரையிலதான் இருக்கோம் மேடம். பயப்படாதீங்க, பார்ல இல்ல!”

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்து நான் கற்ற பாடம், யாராவது பார் என்றால் முதலில் எந்தப் பார் என்றும், அடுத்து எந்தப் பக்கம் என்றும் கேட்க வேண்டும் என்பதுதான்.