பஸ் ஸ்டாப் தளத்தில் என் பெயர்

அந்த நாட்களில் நான் ஒரு சிந்தனையாளன். சிரிக்காதீர்கள். பெரிய சமூக வலைத்தளத்தில், காலையில் பல் தேய்த்தேன் என்று எழுதினால்கூட ‘அருமை தோழர்’ என்று சொல்லத் துபாயிலிருந்து தூத்துக்குடி வரை ஆள் இருந்தது. அந்தப் புகழ் தலைக்கேறித்தான் எங்கள் பஸ் ஸ்டாப் தளத்தை விட்டு விலகினேன்.

அதையும் ஒரு தளம் என்றுதான் சொல்ல வேண்டும். நெய்வேலியில் எங்கள் பிளாக் ஸ்டாப்பில் ஷிப்ட் பஸ் ஏறுகிறவர்களுக்காக, எங்களில் ஒருவரான எலக்ட்ரீஷியன் தன் குவார்ட்டர்ஸில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து நடத்தினார். வீடு பெருக்கும்போது அவர் மனைவி பிளக்கைப் பிடுங்கினால் மொத்தத் தளமும் படுத்துவிடும். ‘வண்டி வளைவு தாண்டிடுச்சு.’ ‘ஷூ மாட்டிக்கினு இருக்கேன், நிறுத்தி வைங்க.’ ‘ஸ்டாப் பக்கத்துல பாம்பு.’ இவ்வளவுதான் அங்கே இலக்கியம். உலகம் எங்கேயோ போகிறது, நீங்கள் பஸ்ஸைத் தாண்ட மாட்டீர்களா என்று நீளமாக ஒரு பிரகடனம் எழுதிவிட்டு வெளியேறினேன். ஒரே ஒரு பதில் வந்தது: ‘சரிங்க சார். நாளைக்கு வண்டி பத்து நிமிஷம் லேட்டு.’

அப்பா மைன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு என்னோடுதான் இருந்தார். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. நான் லீவு போட்டிருந்த ஒரு மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டுத் திரும்பினால் வாசற்கதவு திறந்து கிடக்கிறது, அப்பாவைக் காணோம். பார்க், கோயில், மார்க்கெட் என்று ஓடினேன். எங்கும் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான். நான் பதிவு போட்டேன். அப்பாவின் படம், என் போன் நம்பர், ‘என் ஆலமரத்தைக் காணவில்லை’ என்று ஒரு தொடக்கம். அந்த வரியைத் திருத்த வேறு செய்தேன், வெட்கங்கெட்டவன். அடுத்த நிமிடத்திலிருந்து போன் ஓயவில்லை. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் தன் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்றும் வர ஆரம்பித்தது. அடப்பாவிகளா, அவர் உயிரோடு இருக்கிறார் என்று கத்தத் தோன்றியது. இருக்கிறாரா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

“இன்னாண்ணா, எப்ப அடிச்சாலும் உங்க போனு பிஸின்னே வருது! ஐயா செகண்ட் ஷிப்ட் பஸ்ல ஏறிப் போயிட்டாரு. நம்ம ஸ்டாப்புக்கே தெரியும், உங்களத் தவிர!”

தன் போனை நீட்டினார். பஸ் ஸ்டாப் தளம். ‘ஐயா ஏறிட்டாரு. டிரைவர் பின்னாடி, அவரோட பழைய சீட்டு.’ ‘அங்க இருந்தவரு எழுந்து குடுத்துட்டாரு.’ ‘பையனுக்கு லைன் கிடைக்கல.’ ‘கேன்டீன்ல வடை வாங்கிக் குடுத்தாச்சு. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிஞ்சு வரவங்க கூட்டியாந்துடுவாங்க.’

ஸ்டாப்பில் போய் நின்றேன். ஷிப்ட் முடித்தவர்களோடு அப்பாவும் இறங்கினார், வேலை பார்த்த களைப்பு அவர் முகத்திலும் இருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி எந்த பிளாக்கு? புதுசா சேர்ந்திருக்கியா?”

பின்னால் இறங்கிய எலக்ட்ரீஷியன்தான் பதில் சொன்னார்: “நம்ம ஸ்டாப்புதாங்க ஐயா.”

“அப்ப சரி” என்று அப்பா என் கையை விடாமல் நடந்தார்.

அன்று சாயங்காலம் என்னை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். பிரகடனத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பழைய புனைபெயரை மட்டும் எடுத்துவிட்டு அவர்களாகவே ஒன்றைப் போட்டிருந்தார்கள்: ‘ஐயாவோட பையன்’.

அப்பா கடைசி வரை என்னை ‘நம்ம ஸ்டாப்புத் தம்பி’ என்றுதான் சொன்னார். அவருடைய பையனாக நான் இருந்தது அந்தத் தளத்தில் மட்டும்தான்.