ரசமட்டத்தின் இடது கை

வீடுகளுக்கு டைல்ஸ் பதிப்பவர் அவர். கோணல் கண்ணில் பட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரையே கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்துவிட்டார்கள்: ரசமட்டம். மாமனார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். எங்கப்பாவைப் பார்க்க வந்தீர்களா, படத்தைப் பார்க்க வந்தீர்களா என்று மனைவி கேலி செய்வாள்.

அன்று குளியலறை மூலைக்கு ஒரு டைல்ஸ் துண்டு அறுக்க வேண்டியிருந்தது. கட்டிங் மெஷினில் பெரிய பிளேடு போட்டிருந்ததால் காப்பு மூடி பொருந்தவில்லை. அவர்தான் அதைக் கழற்றி ஓரமாக வைத்தார். பாதி அறுக்கும்போது பிளேடு சிக்கியது. மெஷின் துள்ளி இடது கையில் பாய்ந்தது. வலியே தெரியவில்லை. துண்டு அளவாக வந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாராம்.

துண்டாகிப்போன இரண்டு விரல்களையும் ஒட்ட முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மனைவியின் அண்ணன், தச்சு வேலை செய்பவர், இத்தனை வருஷம் வேலை பார்த்த ஆள் மூடி இல்லாமல் அறுக்கலாமா என்று சத்தம் போட்டார். யாரைப் பற்றியோ பேசுவதுபோல் இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தார். எதிரே காலண்டர் கோணலாகத் தொங்கியது. அவர் எழுந்து அதை நேராக்கவில்லை. அதைக் கவனித்த அன்றுதான் மனைவி அழுதாள்.

புண் ஆறியதும் மேஸ்திரி டைல்ஸ் இடுக்குகளில் பூச்சு அடைக்கும் வேலை கொடுத்தார். பக்கத்து அறையில் புதிதாக வந்தவன் அதே மெஷினில், அதே பெரிய பிளேடில் அறுத்துக்கொண்டிருந்தான். இவர் எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"சின்ன பிளேடு போடு. மூடிய மாட்டு."

"அதுல அறுத்தா இன்னிக்கு வேலை முடியாதுண்ணே."

"நாளைக்கு முடி."

மேஸ்திரி வந்து கத்தினார். இவர் பிளக்கை விடவில்லை. கடைசியில் புதியவன் முணுமுணுத்துக்கொண்டே பிளேடை மாற்றினான். அடுத்த கட்டடத்துக்கு மேஸ்திரி இவரைக் கூப்பிடவில்லை.

இப்போது மச்சானோடு கதவு மாட்டும் வேலைக்குப் போகிறார். பிளக்கைப் பிடுங்கிய அன்றைக்கு அவ்வளவு கோபமா என்று ஒரு நாள் துணி உலர்த்தும்போது மனைவி கேட்டாள். அவர் யோசித்தார்.

"கோபம்லாம் வரல. அந்தச் சத்தம் நிக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் ஈரச்சட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அதைக் கொடியில் போட்டுவிட்டு இடது கையால் கிளிப்பை அழுத்திப் பார்த்தார். அது இன்னும் கைவரவில்லை.